அணைகளுக்கு அடியில் பார்த்தவர் – ஏ.என். கோஸ்லா

சிவில் இன்ஜினியரிங் படித்த பிள்ளையோ பேத்தியோ வீட்டில் இருந்தால் கோஸ்லா என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் வரும் பெயராயிற்றே என்பார்கள். அந்த மனிதரின் வாழ்க்கை பலருக்குத் தெரியாது.

அயோத்யா நாத் கோஸ்லா 1892-ல் பஞ்சாபில் பிறந்தார். ரூர்க்கி தாம்சன் கல்லூரியில் பயின்று, பஞ்சாப் பாசன இலாகாவில் பணியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் ஆற்று மணலின் மீது கட்டிய சில அமைப்புகள், விதிப்படி கட்டியிருந்தும் பழுதாயின. அடித்தளத்தின் கீழ் நீர் கசிந்து செல்லும் பாதை போதிய நீளம் இருந்தால் போதும் என்பதே அன்றைய விதி. கோஸ்லா அதை அப்படியே ஏற்கவில்லை. அடித்தளத்தில் குழாய்களை இறக்கி, கீழே உள்ள நீரின் அழுத்தத்தை அளந்தார். நீர் வெளியேறும் கடைசி முனையில் வேகம் மிகுந்தால், அங்கே மணல் அரிக்கத் தொடங்கி, அரிப்பு பின்னோக்கி வந்து கட்டடத்தையே சாய்த்துவிடும் என்பதை நிரூபித்தார். இம்முடிவுகள் 1936-ல் நூலாக வெளிவந்தன.

1945-ல் டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் அமைந்தது. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தொடக்கம் அதுவே. முதல் தலைவர் கோஸ்லா. மகாநதியின் வெள்ளத்துக்குத் தீர்வாக ஹிராகுட் அணைத் திட்டத்தை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அணைகள் பெருகினால் மட்டும் போதாது, அவற்றை வடிவமைக்கவும் பராமரிக்கவும் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். தாம் படித்த கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்தபின், 1954-ல் அதற்கே துணைவேந்தரானார். மறு ஆண்டே நீர்வள மேம்பாட்டுப் பயிற்சி மையம் அங்கு தொடங்கியது. பணியில் இருந்த இன்ஜினியர்கள் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து பயின்றனர். இன்று அது ஐ.ஐ.டி. ரூர்க்கியின் ஒரு துறையாக நடந்து வருகிறது.

பின்னர் ஒரிசா ஆளுநராகவும் இருந்தார். 1977-ல் பத்ம விபூஷண் பெற்றார். 1984-ல் காலமானார்.

அரசுப் பணியில் பல ஆண்டுகள் இருந்த எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அதிகாரி ஓய்வு பெற்றுப் போய்விடுவார். அவர் பழக்கிவிட்ட ஆட்களும், அமைத்துவிட்டுப் போன ஸ்தாபனமும்தான் நிற்கும். ரூர்க்கி, ஹரித்வார் பக்கம் யாத்திரை செல்லும் அங்கத்தினர்கள், பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அந்தக் கல்வி வளாகத்தை ஒருமுறை காட்டிவர வேண்டுகிறேன்.