லீவுக்கு வந்தவர் கட்டிய அணுசக்தித் துறை... யார் இந்த ஹோமி பாபா?

இந்தியாவில் அணுசக்தி என்றாலே முதலில் வரும் பெயர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. ஆனா, இங்கேயே தங்கி வேலை பார்க்கும் திட்டம் அவருக்கு முதலில் கிடையாது.

1909-ல் மும்பையில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தவர். இன்ஜினீயரிங் படிக்க கேம்பிரிட்ஜ் போனார். மனசு இயற்பியல் பக்கம் போய்விட்டது. காஸ்மிக் கதிர் ஆய்வில் பெயரெடுத்தார். 1939-ல் லீவுக்கு ஊர் வந்தபோது இரண்டாம் உலகப் போர் வெடித்தது. திரும்ப முடியவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார்.

ஹிரோஷிமாவுக்கு முன்பே போட்ட கணக்கு

1944 மார்ச்சில் டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது நிபுணர்களுக்காக இந்தியா வெளிநாட்டிடம் கையேந்தக் கூடாது, அதற்கு ஆய்வு நிறுவனம் வேண்டும் என்பதே சாராம்சம். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது.

1948-ல் அணுசக்தி ஆணையம் அமைந்தது. தலைவர் பாபா. உறுப்பினர்களில் ஒருவர் நம்ம வத்திராயிருப்பில் பிறந்த விஞ்ஞானி கே.எஸ்.கிருஷ்ணன். 1954-ல் பிரதமரின் நேரடிப் பொறுப்பில் அணுசக்தித் துறை வந்தது. அதன் செயலாளரும் பாபாதான். 1956-ல் டிராம்பேயில் 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கியது.

எல்லாம் ஒருவர் கையில்... அவர் போய்விட்டால்?

1966 ஜனவரி 24. வியன்னாவுக்குப் புறப்பட்ட பாபாவின் ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதியது. 117 பேரும் பலி. சதி என்ற பேச்சு இன்றும் ஓடுகிறது. ஆனால், விமானம் இருந்த இடத்தை விமானி தவறாகக் கணித்ததே காரணம் என்றது விசாரணை.

அப்போது இந்தியாவில் ஒரு யூனிட் அணு மின்சாரம்கூட உற்பத்தியாகவில்லை. ஆனாலும் வேலை நிற்கவில்லை. ஏன்னா, உலை கட்டும்போதே ஆட்களையும் உருவாக்கி வைத்திருந்தார். 1957-லேயே டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டது. 1967-ல் டிராம்பே மையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1969-ல் தாராப்பூர் மின்சாரம் தந்தது.

கல்பாக்கத்துக்கு என்ன தொடர்பு?

நம்மிடம் யுரேனியம் குறைவு. கேரளா, கன்னியாகுமரி கடற்கரை மணலில் தோரியம் நிறைய. அதைப் பயன்படுத்த பாபா வகுத்தது மூன்று கட்டத் திட்டம். அதன் இரண்டாம் கட்டம்தான் கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலைகள். தோரியத்தை நம்பிய மூன்றாம் கட்டம்? அவர் மறைந்து அரை நூற்றாண்டு தாண்டியும் இன்னும் எட்டவில்லை.