தாவரநூல் வல்லார் இராபர்ட் வைட்

வண்ணத்துப்பூச்சியைக் கண்டு மகிழாதார் இலர். எனினும், அது மலரை மட்டும் நம்பி வாழ்வதன்று என்பதை உணர்ந்தார் சிலரே. சிறகு முளைத்த பூச்சிக்குத் தேன் தரப் பல மலர்கள் உள. அதன் புழு வளர்தற்கோ, ஒவ்வோர் இனத்திற்கும் உரிய இலையே வேண்டும். அவ்விலைகளைத் தரும் செடிகொடிகளுட் பல, நம் கொங்குநாட்டு வேலியோரத்தும் தரிசு நிலத்தும் வளர்ந்து, களையென்று வெட்டுண்பன. அத்தகைய செடிகளையும் பொருளென மதித்து ஆராய்ந்து உலகறியச் செய்தவர், கோயமுத்தூரைத் தம் பணிக்களமாகக் கொண்டிருந்த இராபர்ட் வைட் என்னும் பெரியார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வைட், ஸ்காட்லாந்து தேசத்தில் 1796-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் கற்று, 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை வைத்தியராகச் சென்னை மாகாணம் போந்தார். ஓய்வு நேரங்களிற் செடிகளைத் தேடித் தொகுத்த அவர்தம் ஆர்வத்தைக் கண்ட அரசினர், 1826-இல் அவரை இயற்கைநூல் ஆய்வாளராக நியமித்தனர். ஆனால், இரண்டே ஆண்டுகளில் அப்பதவி வேண்டாவென நீக்கப்பட்டது. வைட் மனந்தளர்ந்திலர். நாகப்பட்டினத்தில் மீண்டும் வைத்தியராய் அமர்ந்து, தம் கைப்பொருள் கொண்டே செடி தேடும் பணியைத் தொடர்ந்தார். 1831-இல் விடுமுறை பெற்றுத் தாய்நாடு சென்றபோது, உலர்த்திய செடிகள் ஏறத்தாழ 1,00,000 உடன் கொண்டு சென்றார் எனின், அவர் உழைப்பை என்னென்பது!

அங்கு ஆர்னட் என்னும் அறிஞருடன் கூடித் தென்னிந்தியத் தாவரநூலின் முதற்பகுதியை 1834-இல் வெளியிட்டார். அவ்வாண்டே எருக்கின் குடும்பத்தைப் பற்றியும் இருவரும் விரிவாக எழுதினர். இக்குடும்பமே வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றிற்குத் தாய்வீடாகும். செம்மஞ்சட் சிறகுடைய வெந்தய வரியன் எருக்கிலையில் முட்டையிடும். இரைப்பு நோய்க்கு மருந்தாக வழங்கும் நஞ்சறுப்பான் கொடியில் கண்ணாடி வரியனின் புழு வளரும். இவ்வினச் செடிகளின் நஞ்சு புழுவின் உடலிற் சேர்ந்து, சிறகு முளைத்த பின்னும் நீங்காது நிற்றலின், பறவைகள் அப்பூச்சிகளை உண்ண அஞ்சும். ஆடு மாடு தீண்டாமையால் பயனற்றதென நாம் இகழும் செடி, ஓர் உயிர்க்கு உணவும் கவசமும் ஆயினவாறு காண்க.

வைட் 1834-இல் இந்தியா திரும்பினார். 1842 முதல் 1853 வரை, அமெரிக்கப் பருத்தியைக் கோயமுத்தூர்ப் பகுதியிற் பயிராக்கும் சோதனையை நடத்தும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. ஆண்டுகள் பல உழைத்தும், அரசினர் எதிர்பார்த்த பயன் விளைந்திலது. அவர் ஊதியம் பெற்ற பணி இவ்வாறு முடிய, அதனோடு உடன் செய்துவந்த செடியாராய்ச்சியோ அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவர்தம் பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. அப்படங்களுட் பெரும்பாலனவற்றைத் தீட்டியோர் ரங்கய்யா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர். ஓவியர் பெயரை மறைத்துத் தாமே புகழ் கொள்வார் பலராயிருந்த காலத்தில், வைட் அவர்கள் பெயரை நூலிற் குறித்தார். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்திற்கே சூட்டினார். பெரியோர் பெருமை இதனினும் விளங்குவது யாண்டு?

1853-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற வைட், 1872-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் காலமானார். தொழுநோய்க்கு நெடுங்காலம் மருந்தாய் உதவிய எண்ணெயைத் தரும் நீரடிமுத்து மரத்திற்கு, தாவரநூலார் அவர் பெயரை இட்டு வழங்கினர். அம்மரத்தின் இலையை உண்டு வளர்வதே மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சி. தமிழ்நாட்டரசு 2019-இல் அதனையே மாநிலத்தின் வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. பெயர் கல்லிற் பொறிக்கப்படுவதினும், உயிரொன்றைத் தாங்கும் மரத்தில் நிற்பது சிறப்பன்றோ?

தோட்டம் வைப்போர் நிறமுள்ள பூக்களை மட்டும் நட்டு, பூச்சிகள் வந்திலவே என வருந்துவர். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரு மூலையில் நிற்கட்டும். வேலியோரத்து எருக்கு வெட்டுண்ணாதிருக்கட்டும். கரிசல் நிலத்து ஆடுதீண்டாப்பாளை சிறிது இடம் பெறட்டும். புழு இலையை அரித்தால் மருந்து தெளியாது பொறுத்தல் வேண்டும். இலையை இழக்க இசையாதவன் தோட்டத்திற் சிறகுகள் பிறவா. பிறர் சிறிதெனக் கருதியதை ஊன்றி நோக்கிய வைட்டின் வாழ்க்கை, மாணவராகிய நமக்குக் கற்பிப்பதும் இதுவே.