மலைநாட்டுச் சிறுவர்க்கு றக்பி தந்த தலைமையாசிரியர்

இலண்டனைச் சார்ந்த டுவிக்கன்ஹாம் மைதானத்திலே றக்பி ஆட்டத்துக்கென ஒரு நூதனசாலை உண்டு. அங்கே போற்றப்படும் பொருள்களுள் கல்கத்தாக் கிண்ணமும் ஒன்று. கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர், தம் கழகம் கலைந்த காலை, எஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி 1878ஆம் ஆண்டிற் செய்வித்தது அது. மூன்று நாகங்கள் கைப்பிடியாக வளைய, மூடியின்மேல் யானை நிற்கும். எம் மலைநாட்டு றக்பிக்கும் அத்தகைய கூடமொன்று சமைக்கும் பேறு வாய்க்குமாயின், தலைவாயிலில் எவருடைய படத்தை வைப்பது? அட்டனையடுத்த டரவளையிலும், நானுஓயாவையடுத்த ரதல்லையிலும் பந்தேந்தி ஓடிய தோட்டத்துரைமாரைச் சிலர் நினைத்தல் கூடும். நாமோ ஒரு பள்ளித் தலைமையாசிரியரை நினைக்கின்றோம்.

லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1861ஆம் ஆண்டிலே கண்டியிற் பிறந்தவர், பறங்கியர் சமூகத்தவர். திரித்துவக் கல்லூரியிற் பயின்று, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றார். 1891ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி, கண்டி பவிலியன் வீதியில் 11 மாணாக்கரைக் கொண்டு ஒரு பாடசாலையைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் இந்துக்கல்லூரி எழுந்து ஓராண்டளவே கழிந்திருந்த காலம் அது. பிளேஸின் பாடசாலை பின்னர் மெதடிஸ்த மிஷனைச் சார்ந்து, கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர் பூண்டது.

அக்காலத்தில் றக்பி வெள்ளையரின் ஆட்டம். 1879ஆம் ஆண்டிலே கொழும்பிற் கழகமாக உருப்பெற்ற அது, கோப்பி அழிந்து தேயிலை தழைத்த மலைகளிலே துரைமாரின் பொழுதுபோக்காயிற்று. கொழுந்துக் கூடையோடு மேட்டில் நின்று நோக்கியவர்க்கு அம்மைதானத்துள் இடமிருக்கவில்லை. அந்த ஆட்டத்தையே பிளேஸ் தம் மாணாக்கர் கையிற் கொடுத்தார். இலங்கைப் பாடசாலைகளுள் அதனை முதலில் மேற்கொண்டது அவருடைய பாடசாலையே. அணிக்குப் பதினைவர் வேண்டும் ஆட்டத்துக்குப் பதினொருவரோடு தொடங்கிய பள்ளி துணிந்தமை எமக்கு இன்றும் புன்னகையை விளைவிக்கின்றது!

ஆள் சேர்ந்தபின்னும் எதிரணி வேண்டுமே. வேறொரு பாடசாலையோடு பொருதற்குப் 15 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆந் திகதி, கண்டி போகம்பரை மைதானத்திலே இலங்கைப் பாடசாலைகளுக்கிடையிலான முதலாவது றக்பிப் போட்டி நிகழ்ந்தது. எதிர்த்து நின்றது திரித்துவக் கல்லூரி. தாம் கற்ற கல்லூரி ஒருபுறம், தாம் பெற்ற கல்லூரி மறுபுறமாக நின்ற அவ்வாசிரியரின் உள்ளம் எப்பக்கம் சாய்ந்திருக்கும் என ஐயுறவேண்டியதில்லை. எனினும் ஆட்டம் 6க்கு 6 எனச் சமனாய் முடிந்தது. இருசாராரும் தலைநிமிர்ந்தே வீடு திரும்பியிருப்பர்.

ஒன்றை மறைத்தல் தகாது. பிளேஸ் திறந்த வாயில் நகரத்துச் சிறுவர்க்கே திறந்தது. லயங்களிற் பிறந்த எம் பிள்ளைகளை அது எட்டவில்லை. அப்போட்டிக்கு மறு ஆண்டு, 1907இலேதான், தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைச் சட்டம் துரைமார்மேற் சுமத்திற்று. அதுவும் 6 வயது முதல் 10 வயது வரையுமே. பத்து வயதிற் பள்ளியை விட்டுக் கொழுந்து மலைக்கு ஏறிய சிறுவன் எந்தக் கல்லூரியின் அணியிற் சேர்வான்? இக்குறையைப் பிளேஸின் தலையிற் சுமத்துதல் நீதியன்று. ஆயினும் மலையகத்து றக்பியின் கதையைச் சொல்லுங்கால் இதனையும் சொல்லியே தீரவேண்டும். நாம் கனவு காணும் நூதனசாலையில் அக்கொழுந்துக் கூடைக்கும் ஓரிடம் வேண்டும்.

பாடசாலைகளுக்கென இலங்கை வரலாறு எழுதியவரும் அவரே. 32 ஆண்டுகள் தலைமை தாங்கி, 1923ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். கல்லூரி தன் இன்றைய இடமாகிய ராண்டில்ஸ் குன்றுக்குக் குடிபெயர்ந்தது 1925இல். றோயல், திரித்துவக் கல்லூரிகள் பிராட்பி கேடயத்துக்காக ஆடத் தொடங்கிய 1945ஆம் ஆண்டிலும் முதியவர் உயிரோடிருந்தார். 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், தொண்ணூறாவது வயதிலே காலமானார். போகம்பரையில் அவர்தம் சிறுவர் ஆடியதும் ஓர் ஆகஸ்ட் மாதத்திலேதான்.