மயிலாடியை விட்டுப்போன ரிங்கல்தௌபே

ஊழியம் என்ற சொல்லை இன்று குமரி மாவட்டத்தில் யார் காதில் போட்டாலும் சபைப் பணி, இறைப்பணி என்றுதான் பொருள் கொள்வார்கள். 200 ஆண்டுகளுக்கு முன் இதே ஊர்களில் அதற்கு வேறு பொருள் இருந்தது. கூலி இல்லாத கட்டாய வேலைக்குத்தான் திருவிதாங்கூர் அரசாட்சியில் ஊழியம் என்று பெயர். அதிகாரியின் சுமையைத் தூக்க வேண்டும். கோயிலுக்கும் ஊட்டுப்புரைக்கும் வேண்டியதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எப்போது கூப்பிட்டாலும் போக வேண்டும். அதற்கு மேல் தலைவரி வேறு. தலை என்று ஒன்று இருப்பதற்கே வரி. பறையர், புலையர் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகளாகவும் இருந்தார்கள். அந்த அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான்.

இந்த இரண்டு ஊழியத்துக்கும் நடுவில் வந்து நின்றவர் வில்லியம் டோபியாஸ் ரிங்கல்தௌபே. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபையை நிறுவிய முதல் மிஷனரி என்று மாணவர்கள் இவர் பெயரை அறிவார்கள். ஆனால் தம் பணி பெரிதாக ஒன்றும் தேறவில்லை என்ற எண்ணத்தோடு அவர் போனதை விழா மேடைகளில் யாரும் அதிகம் சொல்வதில்லை. நாம் அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

அவர் பிறந்தது 1770இல், பிரஷிய நாட்டின் சிலேசியாவில். தந்தையும் போதகர். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தார். 1797இல் ஓர் ஆங்கிலேயச் சங்கத்தின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே மனம் ஒட்டவில்லை. இரண்டு ஆண்டுகூட நிலைக்காமல் திரும்பிப் போய்விட்டார். அனுப்பிய சங்கத்துக்கு வருத்தம், கோபம். முதல் அடியிலேயே வழுக்கிய மனிதர் என்ற பெயர் அவருக்கு வந்தது.

வேறொருவராக இருந்தால் ஊரோடு இருந்திருப்பார். இவர் இலண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்து 1804 டிசம்பரில் மறுபடி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கூட வந்த கிரான், டெக்ராஞ்சு இருவரும் விசாகப்பட்டினத்துக்குப் போனார்கள். 1810 முடிவதற்குள் இருவருமே இறந்துபோனார்கள். தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் படித்த ரிங்கல்தௌபே தனி ஆளாகத் தெற்கே வந்தார்.

ஏன் தெற்கே என்று கேட்டால் இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன். பறையர் குலத்தவர். சாமி பக்தி மிகுந்தவர். 1799 வாக்கில் தம் உறவினர் ஒருவரோடு சிதம்பரத்துக்குக் கால்நடையாகப் போனார். எத்தனை நாள் நடை என்று யோசித்துப் பாருங்கள். நந்தனார் கதை தெரிந்தவர்களுக்குச் சிதம்பரத்து வாசலில் ஒரு பறையருக்கு என்ன காத்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தேடிப்போனது கிடைக்காத மனத்தோடு திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே கோல்ஹாப் என்ற போதகர் பேசுவதைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

நம் வரலாற்றுப் புத்தகங்கள் பலவும் மிஷனரி வந்தார், மக்கள் மாறினார்கள் என்று எழுதிவிடும். மயிலாடியில் நடந்தது தலைகீழ். வேதமாணிக்கம் கையில் புத்தகங்களோடு ஊர் திரும்பி, சொந்தக்காரர்களைக் கூட்டி, ஜெபம் நடத்தத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் மிஷனரி வந்தார். அதுவும் வேதமாணிக்கம் கேட்டுக்கொண்டதால் வந்தார். அந்த ஆண்டுகளில் ஊராரின் துன்புறுத்தல் பொறுக்காமல் தஞ்சைப் பக்கமே குடிபெயர்ந்துவிடலாமா என்றுகூட அவர் யோசித்தார். போகாமல் காத்திருந்தார்.

1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். கோயில் கட்ட அரசு அனுமதி வேண்டும். ஆங்கிலேய ரெசிடெண்டு கர்னல் மெக்காலே இவருக்கு ஆதரவாக இருந்தும் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு வந்துபோய்க்கொண்டிருந்தார். பிறகு வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி வந்தது. கும்பெனிப் படைக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் 1809 பிப்ரவரியில் சண்டை நடந்த ஆரல்வாய்மொழி, மயிலாடிக்கு அருகில்தான். வெள்ளைக்காரனின் வேதத்தைப் பிடித்தவர்கள் என்று பெயர் வாங்கிய ஏழைகள் அந்த நாட்களில் எப்படி உயிரைக் கையில் பிடித்திருப்பார்கள்! கிளர்ச்சி அடங்கிய பிறகு, அதே 1809இல்தான் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அங்கே தொடங்கிய பள்ளியின் வழி வந்ததுதான் இன்றைய நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி.

வருகிற சம்பளத்தின் பெரும்பகுதியை உபதேசியார்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிடுவார். உள்ளூர்த் துணியில் உடை, தலையில் ஓலைத்தொப்பி. ஐரோப்பியர்கள் இவரை ஒரு மாதிரியான ஆள் என்றே பார்த்தார்கள்.

ஆனால் உள்ளுக்குள் அவர் நொந்துகொண்டிருந்தார். இலண்டனுக்கு எழுதிய கடிதங்களில் ஒளிவுமறைவு இல்லை. மக்கள் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் ஞானஸ்நானத்தோடு கேட்டது தலைவரியிலிருந்து விடுதலை, ஊழியத்திலிருந்து விடுதலை, ரெசிடெண்டு துரையிடம் ஒரு சிபாரிசு. ஆத்துமாவைத் தேடி வந்த மிஷனரிக்கு இது பெரிய ஏமாற்றம். பலரைத் திருப்பி அனுப்பினார். வரி நீங்காது, சிலுவை சுமக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து வருகிறவன் வரட்டும் என்பது அவர் நிலை. சேர்ந்தவர்களிலும் உண்மையான விசுவாசி எத்தனை பேர் என்று சந்தேகப்பட்டார்.

இங்கே நாம் அவரோடு முரண்படுகிறோம். அவர் நேர்மையில் நமக்குச் சந்தேகமில்லை. ஆள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிப் பணம் வாங்கும் வேலையை அவர் செய்யவில்லை. அது பெரிய குணம். ஆனால் முதுகில் சுமையோடு நிற்கிறவன் கடவுளிடம் முதலில் சுமையை இறக்கச் சொல்லித்தானே கேட்பான்? எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளும் அதற்காகத்தான் கூக்குரலிட்டார்கள். அந்தக் கூக்குரலைக் கேட்டுத்தான் தேவன் இறங்கினார் என்று ரிங்கல்தௌபே கையிலிருந்த அதே வேதாகமம் சொல்கிறது. விடுதலை கேட்பது விசுவாசக் குறைவு என்று அவர் எண்ணியது, வரி கட்டாத தலையோடு பிறந்தவரின் பார்வை.

இந்தக் கேள்வி பழசாகிவிடவில்லை. சோற்றுக்காக மாறியவன் என்ற ஏச்சை தலித் கிறித்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. மாறி என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்த்தால், ஏசுகிறவர்கள்தான் வாயடைக்க வேண்டும்.

சரி, கதைக்கு வருவோம். பத்தாண்டு வெயிலும் நடையும் ரிங்கல்தௌபேயின் ஈரலைக் கெடுத்தன. 1816 தொடக்கத்தில் விடைபெற்றார். விட்டுப்போனது சில ஊர்களில் சிறு சபைகள், சில பள்ளிகள், சில நூறு மக்கள். அவ்வளவுதான். அடுத்து வர வேறு வெள்ளைக்காரர் எவரும் அருகில் இல்லை. சபைகளின் பொறுப்பு முழுவதையும் வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். தெருவில் நடந்தால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட குலத்தவர் ஒருவரிடம் ஒரு நாட்டின் திருச்சபை ஒப்படைக்கப்பட்ட ஆண்டு 1816 என்று மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். அவர்கள் மனம் திரும்பியது உண்மையா என்று சந்தேகப்பட்ட அதே மனிதர்தான், போகும்போது அவர்களில் ஒருவரை நம்பினார். வேறு வழியில்லாமல் என்று சிலர் சொல்லலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. தம் கையால் முடியாததைக் கடவுள் வேறு கையால் முடிப்பார் என்ற நம்பிக்கை இல்லாதவர் சபையைக் கலைத்துவிட்டல்லவா போயிருப்பார்?

சென்னை போனார், கொழும்பு போனார், அங்கிருந்து கிழக்கே மலாக்காவுக்குக் கப்பலேறினார். அதன் பிறகு அவரைப் பற்றிய செய்தி இல்லை. கடலில் மாண்டாரா, கரையில் மாண்டாரா, யாருக்கும் தெரியாது. வயது 46. அவருக்குக் கல்லறை கிடையாது.

மயிலாடியில் அடுத்த இரண்டு ஆண்டுகள் வேதமாணிக்கம் சபைகளைத் தாங்கினார். ஊர் ஊராக நடந்தார், ஆராதனை நடத்தினார், பள்ளிகள் மூடப்படாமல் பார்த்துக்கொண்டார். 1818இல் சார்லஸ் மீட் வந்தபோது அவருக்குக் காலியிடம் கிடைக்கவில்லை. உயிரோடிருந்த சபைகள் கிடைத்தன. மறு ஆண்டின் முதல் நாளில் நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் போடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் மக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களும் வரியையும் ஊழியத்தையும் பற்றிப் பேசிக்கொண்டேதான் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். வேதமாணிக்கம் 1827இல் இறந்தார்.

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாக அஞ்சுகிராமம் போகும் பேருந்தில் ஏறினால் மயிலாடியில் இறங்கலாம். கல்தச்சர்களின் உளிச்சத்தம் கேட்கும் ஊர். அங்குள்ள ஆலயத்தின் பெயர் ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம்.