10 ரூபாய் பரிசில் எழுத வந்தவர், பலரை எழுத வைத்தவர்: யார் இந்த பி.எஸ். ராமையா?

செஞ்சி என்றதும் ஞாபகம் வருவது ராஜா தேசிங்கு கதை. 1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இருபத்திச் சொச்சம் வயசுலேயே உயிரை விட்ட இளைஞன். அந்தக் கதை பாட்டாச்சு, கூத்தாச்சு, 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் ஆச்சு. ஆனா அந்தக் கதைப்பாட்டை முதலில் கட்டியது யார்னு கேட்டால், சொல்ல ஒரு பெயர் இல்லை.

கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அதே ஊரில் நோட்டுப் புத்தகத்தில் கதை எழுதி வைத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு வேண்டியது வேறு அங்கீகாரம். கதை அச்சில் வரணும், கீழே தன் பெயர் இருக்கணும். அதற்கு எங்கே அனுப்புவது, யார் படிப்பார்கள், பரிசு கிடைத்தால் அதற்குப் பிறகு என்ன ஆகும்?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் சுமார் 90 வருஷத்துக்கு முன்பே சந்தித்தவர் பி.எஸ். ராமையா. அவரும் இப்படி ஒரு சின்ன ஊரிலிருந்து கிளம்பியவர்தான்.

வத்தலகுண்டுவிலிருந்து சென்னைக்கு

கொடைக்கானல் மலைக்குக் கீழே இருக்கிற வத்தலகுண்டுவில் 1905-ல் பிறந்தார் ராமையா. இலக்கியத்துக்குப் புதிய ஊர் இல்லை அது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதி 26 வயதில் இறந்துபோன பி.ஆர். ராஜமய்யர் அந்த ஊர்க்காரர். பின்னாளில் 'எழுத்து' பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பா வளர்ந்ததும் அங்கேதான்.

ஆனால் ராமையாவுக்குப் பள்ளிப்படிப்பே முழுசாக அமையவில்லை. பிழைப்பு தேடிச் சென்னைக்கு வந்தார், கிடைத்த வேலைகளைப் பார்த்தார். 1930-ல் உப்பு சத்தியாகிரகம் வந்தது. அதில் சேர்ந்து சிறைக்குப் போனார். அரசியலும் எழுத்தும் கலந்த ஆட்களோடு பழக்கம் ஏற்பட்டதும் அந்த வட்டத்தில்தான். வெளியே வந்த பிறகு கதர் விற்றார்.

இதுவரைக்கும் அவரை எழுத்தாளர் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. வயசு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

விகடன் வைத்த போட்டி

1928-ல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடன், 1930-களின் தொடக்கத்தில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்குக் கதைகள் வேண்டும், எழுத ஆள் வேண்டும். அதற்குப் பத்திரிகைகள் கண்டுபிடித்த வழிதான் சிறுகதைப் போட்டி. ராமையா 'மலரும் மணமும்' என்று ஒரு கதை எழுதி அனுப்பினார். பரிசு கிடைத்தது, 10 ரூபாய்.

அன்றைய கணக்கில் சின்னத் தொகைன்னு சொல்ல முடியாது. வாழ்க்கையை மாற்றுகிற தொகையும் இல்லை. கதர் வியாபாரிக்கு அது என்ன கொடுத்ததுன்னா, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தன் கதையைப் படித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்ற தெம்பு. அதுவரை ஒரு கதைகூட அச்சில் வராத ஒருவருக்கு இந்தத் தெம்பை வீட்டில் இருப்பவர்களோ நண்பர்களோ கொடுக்க முடியாது. அவர்கள் பாராட்டினால் பாசத்தில் சொல்கிறார்கள்னு மனசு தள்ளிவிடும். புதியவர்களுக்கான போட்டியில் பணத்தைவிடப் பெரிய விஷயம் இதுதான்.

இதே காலத்தில் கதவு திறந்தது ராமையாவுக்கு மட்டும் இல்லை. வழக்கறிஞராக இருந்த ந. பிச்சமூர்த்தி 'முள்ளும் ரோஜாவும்' கதைக்குக் கலைமகள் பரிசு வாங்கினார். தேவன், தான் எழுதியதை விகடனுக்கு அனுப்பப்போய், 20 வயசிலேயே அங்கே உதவி ஆசிரியராக உட்கார்ந்துவிட்டார். அப்போது விகடனில் ஆசிரியராக இருந்தவர் கல்கி. தபாலில் வருகிற கதையை யார் பிரித்துப் படிக்கிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம்னு இதிலேயே தெரியும்.

பரிசுக்குப் பிறகு என்ன?

இங்கேதான் பலருடைய கதை முடிந்துவிடும். பரிசு வாங்கிய கதை ஒன்று, சான்றிதழ் ஒன்று, அவ்வளவுதான். அடுத்த கதையை எங்கே போடுவதுன்னு தெரியாது.

ராமையா விஷயத்தில் அடுத்த வாசலாக அமைந்தது 'மணிக்கொடி'. கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூன்று பேரும் சேர்ந்து 1933 செப்டம்பரில் தொடங்கிய வார இதழ் அது. அரசியல், கட்டுரை, கதை எல்லாம் கலந்து வந்தது. காசு மட்டும் வரவில்லை. மூவரும் ஒவ்வொருவராக வேறு வேலைகளுக்குப் போனார்கள். சொக்கலிங்கம் 'தினமணி'யின் முதல் ஆசிரியர் ஆனார், வ.ரா. கொழும்பு 'வீரகேசரி'க்குப் போனார். வார இதழ் நின்றது.

1935-ல் அதே பெயரில், சிறுகதைக்காகவே ஒரு மாதமிருமுறை இதழாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார் ராமையா. யோசித்துப் பார்த்தால் துணிச்சலான காரியம்தான். முதல் பரிசு வாங்கி இரண்டு மூன்று வருஷமே ஆன ஒருவர், நஷ்டத்தில் நின்றுபோன பத்திரிகையை, விற்குமான்னு தெரியாத சிறுகதையை மட்டும் நம்பி நடத்துகிறார். எழுதியவர்களுக்குப் பெரிசாகக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. இடம் இருந்தது, அதைக் கொடுத்தார்.

புதுமைப்பித்தன், கு.ப.ரா., பிச்சமூர்த்தி, சிதம்பர சுப்ரமணியன், செல்லப்பா என்று அந்தப் பக்கங்களில் வந்தவர்களின் பட்டியலை எடுத்தால், அது தமிழ்ச் சிறுகதையின் பட்டியலாகவே இருக்கும். எல்லாரும் தாமாக வந்து கதவைத் தட்டியவர்கள் இல்லை. கும்பகோணத்தில் இருந்த எஸ். மணி என்ற இளைஞரை எழுதச் சொல்லித் தூண்டியவர் ராமையா. வாங்கிய கதைகளை வெளியிட்டு, 'மௌனி' என்ற பெயரையும் வைத்தார். மௌனி தன் வாழ்நாள் முழுக்க எழுதியது இரண்டு டஜன் கதைகள்தான். ஆனா இன்றைக்கும் அவரைப் படிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

அதே கும்பகோணத்தில், பட்டு நெசவு செய்யும் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த ஒரு பையன் 1936-ல் 'சிட்டுக்குருவி' என்று ஒரு கதை அனுப்பினான். வயசு 16. மணிக்கொடி அதை வெளியிட்டது. அந்தப் பையன் எம்.வி. வெங்கட்ராம்.

இதற்குப் போட்டியும் இல்லை, நடுவர் குழுவும் இல்லை, பரிசுத்தொகையும் இல்லை. ஆனால் எழுதி வெளிவராத இளைஞருக்கு ஒரு விருது என்ன செய்யணுமோ அதை இந்த இதழ் மாதம் இருமுறை செய்துகொண்டிருந்தது. தான் வாங்கிய 10 ரூபாயை ராமையா வட்டியோடு திருப்பிக் கொடுத்த இடம் இதுதான்னு சொல்லலாம்.

1938-ல் அவர் மணிக்கொடியை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அடுத்த வருஷம் இதழே நின்றுபோனது.

சினிமா, நாடகம், கடைசியில் ஒரு நினைவு நூல்

அதன்பின் ராமையா சினிமாவுக்குப் போனார். எழுதினார், 'குபேர குசேலா' போன்ற படங்களின் இயக்கத்திலும் பங்கேற்றார். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழுவுக்கு அவர் எழுதிய 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்' நாடகங்கள் நன்றாக ஓடின. 'போலீஸ்காரன் மகள்' 1962-ல் ஸ்ரீதர் இயக்கத்தில் படமாகவும் வந்தது. நடுநடுவே எழுதிக் குவித்த சிறுகதைகள் மட்டும் சுமார் 300.

பிறகு, நா. பார்த்தசாரதியின் 'தீபம்' இதழில் அந்தப் பழைய நாட்களைத் தொடராக எழுதினார். அதுதான் 'மணிக்கொடி காலம்'. 1982-க்கான சாகித்ய அகாதமி விருது இந்த நூலுக்குத்தான் கிடைத்தது. 300 கதை எழுதியவருக்கு, மற்றவர்கள் எப்படி எழுத வந்தார்கள்னு சொன்ன புத்தகத்துக்காக விருது! அடுத்த வருஷம், 1983 மே மாதம், அவர் காலமானார்.

இப்போது வாசல் எங்கே இருக்கிறது?

சாகித்ய அகாதமி 2011 முதல் யுவ புரஸ்கார் கொடுக்கிறது. 35 வயசுக்குள் இருக்கணும், தொகை 50,000 ரூபாய். ஆனால் அது வெளிவந்த புத்தகத்துக்கான விருது. நோட்டுப் புத்தகத்தில் இருக்கிற கதைக்கு அங்கே இடமில்லை. 1970-ல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு மாதாமாதம் சிறந்த சிறுகதையைத் தேர்ந்தெடுத்ததும் பத்திரிகைகளில் ஏற்கனவே வந்த கதைகளிலிருந்துதான். வெளிவராத கதைக்கு என்றே இருப்பவை குறைவு. காமன்வெல்த் சிறுகதைப் பரிசு அப்படி ஒன்று. 2,000 முதல் 5,000 சொற்கள் வரையிலான கதையை, நுழைவுக் கட்டணம் இல்லாமல் அனுப்பலாம். தமிழில் எழுதிய கதைகளையும் ஏற்றிருக்கிறார்கள்.

மற்றபடி போட்டி அறிவிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கு. கட்டணம் கேட்கிறார்களா? தேர்வான கதைகளைத் தொகுப்பாகப் போட்டு, எழுதியவரையே 10 பிரதி வாங்கச் சொல்கிறார்களா? நடுவர்கள் யார்னு சொல்லியிருக்கிறார்களா? கதையின் உரிமை யாரிடம் இருக்கும்? முக்கியமாக, பரிசு கொடுப்பவர்களிடம் அடுத்த கதையையும் வெளியிட ஒரு பத்திரிகையோ பதிப்பகமோ இருக்கிறதா? எழுதியவரிடமே பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுப்பதைப் போட்டின்னு சொல்வது கஷ்டம். விகடன் 10 ரூபாய் கொடுத்தது, வாங்கவில்லை.

16 வயசில் மணிக்கொடிக்குக் கதை அனுப்பிய எம்.வி. வெங்கட்ராமுக்கு, 'காதுகள்' நாவலுக்காக 1993-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 73. ராமையா இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.