அஞ்சலோ மோசோ (1846 – 1910)

இறப்பர் மலையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெளியே சிறு காயமே தெரிந்தாலும், உள்ளே குருதி கசிகின்றதா என அறிய வைத்தியர்கள் தலையை ஸ்கேன் செய்வதுண்டு. குருதியோட்டம் சில நிமிடங்கள் தடைப்பட்டாலும் மூளைக் கலங்கள் இறக்கத் தொடங்கும். இக்குருதியோட்டத்தை உயிருள்ள மனிதரில் ஆராய்ந்த முன்னோடி அஞ்சலோ மோசோ ஆவார்.

இவர் 1846 மே 30ஆம் திகதி இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு தச்சுத் தொழிலாளி. வறுமையிலும் கல்வியைக் கைவிடாத மோசோ, 1870இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஜேர்மனியில் கார்ல் லுட்விக் என்னும் அறிஞரிடம் பயின்றார். 1879இல் தூரின் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியரானார்.

அக்காலத்தில் எக்ஸ் கதிர்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படியாயின் மூளையை எவ்வாறு ஆராய்வது? தலையில் செங்கல் விழுந்து மண்டையோடு உடைந்த ஓர் ஏழை விவசாயி அதற்கு வழிகாட்டினார். அவரது மண்டையோட்டில் எஞ்சிய துவாரத்தின் மேல் தோலில் மூளையின் துடிப்புத் தெரிந்தது. மோசோ அத்துடிப்பைக் கருவியொன்றின் மூலம் சுழலும் உருளையில் கோடாகப் பதிந்தார். தேவாலய மணி ஒலித்தபோதும், 8ஐ 12ஆல் பெருக்குமாறு கேட்டபோதும் மூளையின் துடிப்பு உயர்ந்தது. கையின் துடிப்போ அவ்வாறு உயரவில்லை. எனவே, மூளை வேலை செய்யும்போது அங்கு குருதியோட்டம் கூடுகின்றது என மோசோ முடிவு செய்தார்.

காயமில்லாதவர்களையும் ஆராய, மனிதர் படுக்கக்கூடிய தராசு ஒன்றை அமைத்தார். சிந்திக்கும்போது தலைப்பக்கம் தாழும் என்பது அவர் கருத்து. ஆனால், சுவாசமும் உடலசைவும் அந்த அளவீட்டைக் குழப்பக்கூடியன.

மோசோ 1910 நவம்பர் 24ஆம் திகதி காலமானார். 1970களில் சீ.ரி. ஸ்கேனும், 1990களில் மூளையின் தொழிற்பாட்டைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறையும் வந்தன. அவர் கோடாகக் கண்டதை நாம் இன்று படமாகக் காண்கிறோம்.

மாணவர்களே! லயன் வீட்டில் விளக்கொளியில் படிக்கும் உங்களுக்குத் தச்சரின் மகனது வாழ்வு ஊக்கமளிக்கட்டும். அந்த விவசாயியையும் மறவாதீர்கள். அவரது காயமே அறிவின் வாயிலைத் திறந்தது. தலையில் அடிபட்டவர் மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.