ஹைட்ராவை வெட்டிய ஆசிரியர்

ஆய்வுக்கூடத்தில் ஹைட்ராவின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்காத விலங்கியல் மாணவர் நம்மில் எவருமிலர். பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காகத்தான்! அந்தச் சிற்றுயிரை உலகறியச் செய்தவர் பேராசிரியர் அல்லர். இரண்டு சிறுவர்களுக்குப் பாடம் சொல்ல அமர்த்தப்பட்ட வீட்டு ஆசிரியர். அவர் பெயர் ஆபிரகாம் டிரெம்பிளே.

1710இல் ஜெனீவாவில் பிறந்த அவர், பிழைப்பு நாடி ஹாலந்து சென்றார். ஹேக் நகரை அடுத்த மாளிகையொன்றில் பெண்டிங்க் பிரபுவின் புதல்வர்களுக்கு ஆசிரியரானார். 1740இல் அப்பிள்ளைகளின் பெற்றோர் பிரிந்துவிட்டனர். தாயற்ற வீட்டில் ஆசிரியரே பெருந்துணை. ஏட்டுக் கல்வியோடு நில்லாமல், தோட்டத்துக் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் அவர்களை அழைத்துச் செல்வார். அள்ளி வந்த நீரைக் கண்ணாடிச் சாடிகளில் ஊற்றி மூவரும் உற்றுப் பார்ப்பார்கள்.

அவ்வாண்டுக் கோடையில் ஒரு சாடியில் பச்சை நிறத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. செடி என்றே எண்ணினார். ஆனால் சாடியை ஆட்டினால் அவை சுருங்கின. வெளிச்சம் வரும் பக்கமாக மெல்ல நகர்ந்தன. அப்படியானால் விலங்கா? விலங்கென்றால் கைகளின் எண்ணிக்கை ஏன் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது? மரத்துக்கு மரம் கிளைகள் மாறுவதைப் போலல்லவா இருக்கிறது! முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் தழைக்கும். ஆட்டை வெட்டினால் இரண்டு ஆடு ஆகுமா? வெட்டிப் பார்ப்பதே வழி என்று துணிந்தார். 1740 நவம்பர் 25 அன்று கத்தரியை எடுத்தார்.

இரு துண்டுகளும் சாகவில்லை. தலையிருந்த துண்டு வால் பெற்றது. வால் துண்டில் சில நாள்களில் புதிய கைகள் அரும்பின. ஆயினும் இரையைப் பிடித்து விழுங்கும் ஒன்றைச் செடி என்று எப்படிச் சொல்வது? பாரிசிலிருந்த அறிஞர் ரெயோமூருக்கு எழுதினார், உயிருள்ள ஹைட்ராக்களையும் அனுப்பினார். புட்டியை அரக்கால் காற்றுப் புகாமல் அடைத்ததால் முதல் தொகுதி வழியிலேயே மாண்டது. மறுமுறை சென்றவை பிழைத்தன. ரெயோமூரும் வெட்டிப் பார்த்து, விலங்குதான் என்று 1741இல் அறிவித்தார். 1743இல் லண்டன் ராயல் சொசைட்டி டிரெம்பிளேவுக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

அந்த அற்புதத்தின் காரணம் அவருக்குத் தெரிய வழியில்லை. செல் கொள்கை பிறக்கவே இன்னும் நூறாண்டு இருந்தது. குருத்துச் செல்கள் என்று இன்று நாம் சொல்வனவே அதன் பின்னணி. இவை தம்மைப் போன்ற செல்லை மீண்டும் மீண்டும் பெருக்கிக்கொள்ளும். தேவைப்படும்போது வேறு பணிக்குரிய செல்லாகவும் மாறும். இவ்விரு திறனும் ஒருங்கே அமைந்தால்தான் குருத்துச் செல். ஹைட்ராவில் இவை மூவகை: புறப்படைக்கு ஒன்று, அகப்படைக்கு ஒன்று, இடையே கிடந்து நரம்புச் செல், கொட்டும் செல், இனச்செல் முதலியவற்றைத் தருவது மற்றொன்று. வெட்டுண்டதும் இருக்கும் செல்களே முதலில் இடமும் வடிவமும் மாறித் தலையை அமைக்கின்றன. தேய்ந்தவற்றுக்கும் இழந்தவற்றுக்கும் குருத்துச் செல்கள் ஓயாமல் ஈடு தருகின்றன.

ஒரு கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பன்றி மயிரின் துணையால் டிரெம்பிளே ஹைட்ராவைப் பையை உதறுவது போல் உள்வெளியாகப் புரட்டினார். அது பிழைத்தது! புறத்தோலே இரைப்பையாகிவிட்டது என்று முடிவு கட்டினார். இங்கே அவர் தவறினார். செல்கள் நழுவி நகர்ந்து தத்தம் பழைய படைக்கே திரும்பிவிட்டன என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்தனர். குருத்துச் செல்லும் எதுவாகவும் ஆகிவிடுவதில்லை. அதற்கும் எல்லை உண்டு.

நம் உடலிலும் எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தைத் தருபவை, தோலைப் புதுப்பிப்பவை என இவை உண்டு. எனினும் தத்தம் திசுவுக்கு மட்டுமே உரியவை. ஆகவேதான் புண் ஆறுகிறது, போன கை முளைப்பதில்லை. மஜ்ஜையில் அத்தகைய செல்கள் உண்டென்பதைக் கனடாவின் டில், மெக்குல்லோ இருவரும் 1961இல் எலிகளைக் கொண்டு மெய்ப்பித்தனர்.

டிரெம்பிளே பின்னர் ஜெனீவா திரும்பி, மணம் புரிந்து, தம் மக்களுக்குக் கற்பித்தபடி பிள்ளைகளின் கல்விக்கென நூல்களும் எழுதினார். 1784இல் மறைந்தார். 1744இல் லைடனில் வெளிவந்த அவருடைய ஹைட்ரா நூலின் சித்திரங்களில், குளக்கரையில் நீரைத் துழாவும் ஆசிரியருடன் அந்த இரு சிறுவர்களும் நிற்கிறார்கள்.